குதிரைக்குட்டியின் நுரையீரலும் ஒரு கொள்முதல் கணக்கும்

குதிரை என்றதும் சிதம்பரத்துக்காரர்களுக்கு மாணிக்கவாசகர் ஞாபகம் வந்துவிடும். பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை எல்லாம் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார் அமைச்சர். பிறகு நரியெல்லாம் பரியாகி மதுரைக்குப் போனதும், ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி நரியாகி ஊளையிட்டதும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அந்த அமைச்சர் கடைசியில் வந்து இறைவனோடு கலந்த இடம்தான் தில்லை.

இந்தக் கதையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. மன்னன் எதற்காகக் குதிரையைக் காசு கொடுத்துத் துறைமுகத்தில் வாங்க வேண்டும்? மாட்டை வளர்க்கத் தெரிந்த நாட்டில், யானையைப் பிடித்துப் பழக்கத் தெரிந்த நாட்டில், குதிரைக்குட்டியை மட்டும் ஏன் வளர்க்க முடியவில்லை?

கதையை விட்டுவிட்டு வரலாற்றுக்கு வந்தாலும் இதே கேள்விதான். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார். நல்ல ஆண்குதிரையையும் நல்ல பெண்குதிரையையும் சேர்த்தாலும் கால் கோணிய சவலைக் குட்டிதான் பிறக்கிறது என்றும் சொல்கிறார். இன்னொரு குற்றச்சாட்டும் வைக்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்த ஆட்கள் இந்தப் பக்கம் வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

மார்க்கோ போலோ கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தருகிற கணக்கு இதற்குப் பொருந்திப் போகிறது. கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார் என்று ஒப்பந்தம். வழியில் கப்பலிலேயே குதிரை செத்தாலும் அதன் விலையைப் பாண்டியர் கருவூலம் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

பி.காம். முதல் வருஷம் படிக்கிறவருக்குக் கூட இதில் உள்ள ஓட்டை தெரியும். சரக்கு கைக்கு வருவதற்கு முன்பே நஷ்டம் வாங்குகிறவர் தலையில்! அப்புறம் விற்பவருக்கு அந்தக் குதிரையின் உயிரைப் பற்றி என்ன கவலை?

அன்றைய குதிரைகள் எதனால் செத்தன என்று இன்று பிரேதப் பரிசோதனை செய்ய முடியாது. தீவனம், வெயில், லாடம் என்று காரணங்கள் எத்தனையோ இருக்கலாம். ஆனால் குதிரைக்குட்டி எப்போது, எதனால் சாகிறது என்பதை இன்றைய கால்நடை மருத்துவம் நன்றாகவே கண்டுபிடித்திருக்கிறது. அதைப் படிக்கும்போது, எழுநூறு வருஷம் கழித்தும் தமிழ்நாட்டுக் குதிரைச் சந்தையில் அந்தப் பழைய ஒப்பந்தத்தின் வாசனை போகவில்லை என்பது புரியும்.

முதல் நாள் சீம்பால்

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் ஆன்டிபாடிகளைத் தொப்புள்கொடி வழியாக வாங்கிக்கொண்டுதான் வருகிறது. குதிரைக்குட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெண்குதிரையின் நஞ்சுக்கொடி அமைப்பு ஆன்டிபாடிகளை உள்ளே விடாது. ஆகவே குட்டி கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் பூமிக்கு வருகிறது. மாடும் ஆடும் இப்படித்தான்.

அதற்காகத்தான் சீம்பால். வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறார்களே, அதே சீம்பால்தான். தாய்க்குதிரை அதை ஒரே ஒரு தடவை, ஏறக்குறைய ஒரு நாளைக்கு மட்டுமே தரும். குட்டியின் குடலும் அந்த ஆன்டிபாடிகளை உடைக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடுவது முதல் சில மணி நேரம்தான். நேரம் ஆக ஆக அந்தக் கதவு மூடிக்கொண்டே வரும். 24 மணி நேரத்தில் சுத்தமாகச் சாத்திவிடும். அதன் பிறகு குடம் குடமாகச் சீம்பால் ஊற்றினாலும் அது வெறும் பால்தான்.

குதிரை வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு சுலபமானது. பிறந்து 1 மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும். 3 மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். இதில் எது தவறினாலும் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஒரு நாள் ஆன குட்டியின் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. எனப்படும் ஆன்டிபாடி ஒரு டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. 400-க்குக் கீழே போனால் சீம்பால் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அப்போது வேறு குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த பிளாஸ்மாவை நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருக்கும்.

சில பெண்குதிரைகளுக்குக் குட்டி போடுவதற்கு முன்பே மடியிலிருந்து பால் ஒழுகும். 'பால் நிறைய இருக்கு, நல்லதுதான்' என்று சந்தோஷப்படுவார்கள். ஒழுகிப்போவது குட்டியின் மொத்த முதல் என்று பலருக்குத் தெரியாது.

நுரையீரலுக்குத் தனிக் கணக்கு

சரி, சீம்பால் ஒழுங்காகக் குடித்துவிட்டது. பிரச்சினை முடிந்ததா? அதுதான் இல்லை.

சீம்பாலில் வந்தது தாயின் சொத்து. அது வற்றிக்கொண்டே போகும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய பாதியாகக் குறையும். குட்டியின் உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி செய்யத் தொடங்கும்தான். ஆனால் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் செய்யும். தாய் கொடுத்தது தீர்ந்துகொண்டிருக்க, சொந்தச் சம்பாத்தியம் இன்னும் போதாத ஒரு காலம் வருகிறது. பொதுவாக முதல் மாதத்தின் முடிவிலிருந்து மூன்றாவது மாதம் வரை இந்த இடைவெளி இருக்கும்.

நுரையீரலின் நிலைமை இன்னும் மோசம். பெரிய குதிரையின் நுரையீரலில், காற்றுப் பைகளுக்குள்ளேயே காவல்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேக்ரோபேஜ் என்று பெயர். உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் பிடித்து விழுங்குவது இவற்றின் வேலை. பிறந்த குட்டியின் நுரையீரலைக் கொஞ்சம் உப்பு நீர் விட்டுக் கழுவி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அங்கே இந்தச் செல்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். வாரங்கள் போகப் போகத்தான் எண்ணிக்கை ஏறுகிறது. லிம்போசைட்டுகள் சேர மாதக்கணக்கில் ஆகிறது. மேக்ரோபேஜை உசுப்பிவிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் பொருளையும் பச்சைக்குட்டியின் செல்கள் குறைவாகவே சுரக்கின்றன. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் காவல் நிற்கிற ஐ.ஜி.ஏ.வைக் குட்டி தானாகச் செய்யத் தொடங்குவதற்கும் சில வாரங்கள் ஆகும்.

தாய்ப்பால் ரத்தத்துக்கு ஆன்டிபாடி கொடுக்கும். நுரையீரலுக்குள் காவல் படையைத் திரட்டித் தராது. அதைக் குட்டி தானேதான் திரட்ட வேண்டும். அதற்கு வேண்டியது நாள்கள். கூடவே நல்ல காற்று.

மண்ணுக்குள் ஒளிந்திருப்பவன்

இந்த இடைவெளியைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்கும் கிருமி ஒன்று இருக்கிறது. ரோடோகாக்கஸ் ஈக்வி. 1923-இல் சுவீடனில் மாக்னுசன் என்ற ஆய்வாளர் குட்டிகளின் நிமோனியாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இது மண்ணில் வாழும். சாணத்தில் பெருகும். காய்ந்த தரையில் குளம்பு பட்டுத் தூசி கிளம்பும்போது மூச்சோடு உள்ளே போகும். பெரிய குதிரையும் இதே தூசியைத்தான் சுவாசிக்கிறது, அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. குட்டிக்கு மட்டும்தான் ஆபத்து. முதல் சில நாள் அல்லது வாரங்களிலேயே கிருமி உள்ளே போய்விடும், நோய் வெளியே தெரிவது ஒன்றிலிருந்து நான்கு மாத வயதில்.

இதில் கொடுமை என்னவென்றால், தன்னை விழுங்கிய மேக்ரோபேஜுக்குள்ளேயே குடியிருந்து பெருகும் திறமை இந்தக் கிருமிக்கு உண்டு. காவல்காரன் வீட்டிலேயே திருடன் தங்கினால் எப்படி? நுரையீரலுக்குள் சீழ்க் கட்டிகள் உருவாகும். குட்டி துள்ளிக்கொண்டும் பால் குடித்துக்கொண்டும்தான் இருக்கும். காய்ச்சலும் மூச்சிரைப்பும் தெரியும்போது பல நேரம் நுரையீரலில் பெரும்பகுதி போயிருக்கும். நேற்று வரை நன்றாக இருந்தது, கண் பட்டுவிட்டது என்று சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றுவார்கள். கண் பட்டது நேற்றல்ல, ஒரு மாதத்துக்கு முன்பே.

இந்தக் கிருமிக்கு எதிராக நம்பி வைத்துக்கொள்ளும்படியான தடுப்பூசி இன்றளவும் புழக்கத்தில் இல்லை. பெரிய பண்ணைகளில் பிளாஸ்மா ஏற்றுகிறார்கள். அதுவும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும்.

அந்தியூர் சந்தை

கடலூர், சிதம்பரம் பக்கம் குதிரை ஒன்றும் அபூர்வம் இல்லை. ரயிலடியில் ஜட்கா நின்ற காலம் போய்விட்டது. ஆனால் கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விழாவுக்கும் வாடகைக்கு விட வைத்திருப்பவர்கள் உண்டு. ஆசைக்கு ஒன்று வாங்கிக் கட்டி வைக்கும் இளவட்டங்களும் உண்டு. இப்படி வாங்க நினைப்பவர்கள் விசாரித்தால் முதலில் காதில் விழும் பெயர் ஈரோடு மாவட்டம் அந்தியூர். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தை அது. திப்பு சுல்தான் காலத்திலேயே தொடங்கியது என்று சொல்வார்கள். மார்வாரி, கத்தியவாரி என்று வடக்கத்திக் குதிரைகள் வந்து நிற்கும். பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி, சந்தேகமில்லை.

ஆனால் இந்த மாதிரிச் சந்தையை ஒரு மூன்று மாதக் குட்டியின் நுரையீரல் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். பல ஊர்க் குதிரைகள் ஒரே மைதானத்தில். கால் பட்ட இடமெல்லாம் தூசியும் காய்ந்த சாணமும். எந்தக் குதிரை எந்த இருமலைக் கொண்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. விலை படிந்ததும் தாயிடமிருந்து பிரித்து மினி லாரியில் ஏற்றி, 250 கிலோமீட்டருக்கு மேல் கடலூர் வரை பயணம். லாரியில் குட்டி ஆடாமல் இருக்கத் தலையைத் தூக்கிக் கட்டுவார்கள். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியே வடியும். தூக்கிக் கட்டினால் எல்லாம் உள்ளேயே இறங்கும். பெரிய குதிரைக்கே நீண்ட பயணத்துக்குப் பிறகு நிமோனியா வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தாய் கொடுத்தது தீர்ந்து, சொந்தமாக ஒன்றும் சேராத வயதில் ஒரு குட்டிக்கு என்ன ஆகும்?

கூட்டத்தில் நோய் எப்படிப் பரவும் என்பதற்கு இந்தியாவிலேயே அனுபவம் இருக்கிறது. 2008-இல் ஜம்மு பக்கம் கட்ராவில் வைஷ்ணோ தேவி யாத்திரைக் குதிரைகளிடம் தலைகாட்டிய குதிரைக் காய்ச்சல் பல மாநிலங்களுக்குப் பரவியது. அதற்குத் தடுப்பூசி உண்டுதான். ஆனால் தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் குட்டிக்குச் சீம்பால் வழியாக வந்த ஆன்டிபாடியே தடுப்பூசியின் வேலையைக் கெடுத்துவிடும் என்பதால், ஆறு மாதம் ஆன பிறகே போடச் சொல்கிறார்கள். ஆக அந்த ஆறு மாதத்துக்குக் குட்டிக்குப் பாதுகாப்பு என்பது அது நிற்கிற இடம்தான்.

மருந்து கொடுத்தால் போதாதா?

போதாது. அதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது.

இந்த நிமோனியாவுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்துக் கூட்டணியில் ஒன்று ரிஃபாம்பிசின். பெயர் கேட்ட மாதிரி இருக்கிறதா? காசநோய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்களே, அதே ரிஃபாம்பிசின். ரோடோகாக்கஸும் காசநோய்க் கிருமியும் தூரத்துச் சொந்தம்தான். எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்த மனிதர்களுக்கும் ரோடோகாக்கஸ் நுரையீரல் நோயைக் கொடுக்கும்.

அமெரிக்காவின் கென்டக்கியில் பெரிய குதிரைப் பண்ணைகள் எல்லாக் குட்டிக்கும் அல்ட்ராசவுண்ட் செய்து, சின்னக் கட்டி தெரிந்தாலே மருந்தைக் கொடுத்துத் தள்ளின. சில வருஷங்களில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பண்ணை மண்ணிலேயே குடியேறிவிட்டன. இத்தனைக்கும் சின்னக் கட்டி உள்ள குட்டிகளில் பல மருந்தே இல்லாமல் தானாகத் தேறிவிடும் என்று ஜெர்மனியில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. நோய் முற்றிய குட்டிக்கு மருத்துவர் சொன்ன மருந்தைக் கொடுக்கத்தான் வேண்டும். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று மெடிக்கலில் வாங்கி ஊற்றுவது வேறு விஷயம். காசநோய் இவ்வளவு இருக்கும் நாட்டில் ரிஃபாம்பிசினை அப்படிச் செலவழிப்பது பக்கத்து வீட்டுக்காரன் மருந்தைத் திருடுவதற்குச் சமம்.

யார் தலையில் நஷ்டம்?

இப்போது அந்தப் பாண்டியர் ஒப்பந்தத்துக்குத் திரும்பலாம்.

குட்டியின் நுரையீரலைக் காப்பாற்றும் காரியங்கள் எல்லாமே விற்பவர் கையில் இருக்கின்றன. முதல் நாள் சீம்பால் குடிக்க வைப்பது, தொழுவத்தில் சாணம் சேராமல் பார்ப்பது, தூசி பறக்காத இடத்தில் கட்டுவது, ஆறு மாதம் வரை ஊர் மாற்றாமல் வைத்திருப்பது. வாங்குபவர் இதில் எதையும் பின்னால் போய்ச் சரிசெய்ய முடியாது. ஆனால் சந்தையில் கயிறு கை மாறிய நிமிஷத்தில் நஷ்டம் முழுவதும் வாங்குபவருடையது. கவனம் செலுத்த வேண்டியவருக்கு நஷ்டம் இல்லை, நஷ்டப்படுபவருக்குக் கவனிக்க வாய்ப்பு இல்லை. கீஷ் தீவு வியாபாரி சொகுசாக இருந்தது இதனால்தான்.

சட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 26-ஆம் பிரிவைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வகுப்புத் தோழர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். சொத்துரிமை மாறும்வரை சரக்கின் நஷ்டம் விற்பவருடையது. உரிமை எப்போது மாற வேண்டும் என்பதை இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளலாம். குதிரையும் சட்டத்தின் கண்ணில் சரக்குதான். யார் தப்பும் இல்லாமல் உரிமை மாறும் முன்பே குறிப்பிட்ட சரக்கு அழிந்துபோனால் ஒப்பந்தமே செல்லாது என்கிறது 8-ஆம் பிரிவு.

ஆகவே வழி ரொம்பச் சுலபம். அச்சாரம்!

வீட்டுக்கும் நெல்லுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அச்சாரம் கொடுக்கத் தெரிந்த ஊர் இது. சந்தையில் குட்டியைப் பாருங்கள், பிடித்திருந்தால் விலை பேசுங்கள், அச்சாரம் கொடுங்கள். குட்டி தாயோடு அங்கேயே இருக்கட்டும். ஆறு மாதம் முடிந்து, கால்நடை மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்ன அன்று மீதிப் பணம், அன்றுதான் உரிமை மாற்றம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இடையில் குட்டிக்கு ஏதாவது ஆனால் அச்சாரம் திரும்ப வர வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். விற்பவர் தானாகவே பிரசவத்தன்று ராத்திரி கண் விழிப்பார். தொழுவத்தைக் கூட்டுவார். பிரசங்கம் எதுவும் தேவையில்லை.

'ஏழைக் குதிரைக்காரன் ஆறு மாசம் தீனிக்கு எங்கே போவான்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தாய்க்குதிரைக்குக் கொள்ளும் புல்லும் இன்று சும்மா கிடைக்கவில்லை. அதற்கும் அச்சாரம்தான் பதில். அச்சாரத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள், மாதாமாதம் தீனிச் செலவில் ஒரு பங்கையும் பேசிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் தாண்டிய, தடுப்பூசி போடும் வயது வந்த குட்டிக்கு விலையும் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று மூன்று மாதக் குட்டியை வாங்கி வந்து, ஒரு மாதம் ஊசிக்கும் குளுக்கோஸுக்கும் செலவழித்துவிட்டுக் கடைசியில் குழி தோண்டுவதை விட இது மலிவு. கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

'குதிரையே அழிந்துகொண்டிருக்கிறது, இதற்கு இவ்வளவு சட்டம் பேச வேண்டுமா?' என்றும் சிலர் கேட்பார்கள். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-இல் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. ஏழே வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி! குறைவாக இருக்கிறது என்பதால்தான் பிறக்கிற ஒவ்வொரு குட்டியும் முக்கியம்.

கடலூர்க்காரர்களுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிப்காட் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டால், மூச்சுக்குள் போவது பிள்ளைகளை என்ன செய்யும் என்று அவர்களே சொல்வார்கள். குதிரைக்குட்டிக்கும் அதே நெஞ்சுதான். அதற்குக் காவல் படை சேர ஆறு மாதம் பிடிக்கிறது.

எனவே அடுத்த ஆடிக்கு அந்தியூர் போகிறவர்கள், சுழி பார்ப்பதற்கும் நிறம் பார்ப்பதற்கும் முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். 'குட்டி பிறந்து எத்தனை மணி நேரத்தில் பால் குடித்தது?' 'இப்போது எத்தனை மாதம்?' முதல் கேள்விக்குப் பதில் தெரியாத ஆளிடம் வாங்க வேண்டாம். இரண்டாவது பதில் ஆறுக்குக் கீழே என்றால் அச்சாரத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுங்கள்.